எடைக்குப் போகும் கிண்ணங்கள்

(பள்ளிவாசலில் நடந்த நம் அங்கத்தினர் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பழைய வெள்ளிக் கிண்ணங்களைப் பற்றிப் பேசுங்கோ மாமி, அரை மணி போதும்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். வெள்ளியைப் பற்றிப் பேச அரை மணி அதிகம்தான். ஏனென்றால் இப்போதெல்லாம் வெள்ளியைப் பற்றி எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்றைக்குக் கிராம் என்ன விலை?" அதற்குப் பதில் சொல்ல அரை நிமிஷம் போதும். நான் பேச வந்திருப்பது அந்தக் கேள்வியால் நம் அகங்களிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருக்கும் கிண்ணங்களைப் பற்றி.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்வரிசையில் மாமாக்களுக்கு நிம்மதி இருக்காது. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தாண்டியது. டிசம்பரில் நம் நாட்டில் கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதற்கு முன்னால் வெள்ளி அந்த 50 டாலர் பக்கம் போனது 1980 ஜனவரியில் ஒரு தடவை, 2011 ஏப்ரலில் ஒரு தடவை. 1980-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் ஏறிய விலை, மார்ச் 27-ம் தேதி மடமடவென்று சரிந்தது. விலை இறங்கிவிட்டது. ஆனால் அந்தச் சில மாதங்களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருக்குப் பட்டறைக்குப் போன பழைய டீ செட்டுகளும் கிண்ணங்களும் திரும்பி வரவில்லை. விலை எப்போது ஏறினாலும் முதலில் போவது பழைய பாத்திரம்தான். புதுப் பாத்திரத்தை யாரும் உருக்குவதில்லை. கொடுத்த செய்கூலி ஞாபகம் இருக்கும். பழைய பாத்திரத்துக்குச் செய்கூலி கொடுத்தவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

வெளியூரிலிருந்து வந்தவர்கள் நேற்றே என்னைக் கேட்டார்கள், இந்த மலையில் வெள்ளிக்கு என்ன சம்பந்தம் என்று. பள்ளிவாசலில் விளைவது தேயிலையும் மின்சாரமும்தான். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1940-ல் முதிரப்புழை ஆற்று நீரை மலைச்சரிவில் குழாய் வழியாக இறக்கி இங்கே மின்சாரம் எடுத்தது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். பவர் ஹவுஸ் வேலைக்கும் எஸ்டேட் ஆபீஸ் வேலைக்கும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கல்யாணமாகி மலையேறி வந்த பெண்கள் எல்லாரும் ஒரு டிரங்குப் பெட்டியில் சீர்ப் பாத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, பஞ்சபாத்திர உத்தரணி, பால் சங்கு, இரண்டு வட்டில், ஒரு கூஜா. இது ஒரு வழி. இரண்டாவது, எஸ்டேட் பங்களாக்களில் இருந்த வெள்ளைக்காரர்களின் சாமான். மூன்றாவது, கிழக்கே போடிமெட்டு இறங்கினால் தேனிச் சீமை, அதற்கு அப்பால் செட்டிநாடு. அங்கிருந்து ஏறி வந்த பர்மாக் கிண்ணங்கள். ஆக, இந்த ஒரு மலையூரில் உட்கார்ந்துகொண்டே முப்பது வருஷத்துக்கு மேலாக நான் மூன்று சீமை வெள்ளியைப் பார்த்திருக்கிறேன். வாங்கியது நாற்பத்தொரு கிண்ணம். என் அகத்துக்காரர் இருந்தவரை "நாற்பத்தொன்று போதும், ஒரு மண்டலம் ஆச்சு" என்பார்.

ஏன் கிண்ணம், ஏன் கூஜா இல்லை, குத்துவிளக்கு இல்லை என்று கேட்கலாம். கிண்ணம் சின்னது, கையில் அடங்கும், விலையும் அடங்கும். சந்தனக் கிண்ணம் 30, 40 கிராமில்கூட உண்டு. பெரிய குடத்தில் கைவேலையைப் பார்க்கச் சுற்றி நடக்க வேண்டும். கிண்ணத்தைத் திருப்பினால் போதும். முக்கியமாக, கிண்ணம் உபயோகத்தில் இருந்த பொருள். குழந்தைக்கு அன்னப்பிராசனம் செய்த கிண்ணம், தினமும் தயிர்சாதம் சாப்பிட்ட கிண்ணம், சுமங்கலிப் பிரார்த்தனைக்குச் சந்தனம் குழைத்த கிண்ணம். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். ஸ்பூன் சுரண்டிய இடம் தெரியும்.

பழைய கிண்ணம் கைக்கு வந்தால் நான் முதலில் செய்வது தராசில் வைப்பதுதான். விலைக்காக இல்லை. 1835 முதல் 1939 வரை அச்சடித்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் நாணயம் ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை. இன்றைய கணக்கில் 11.66 கிராம். அதில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது நூற்றுக்கு 91.7. அந்தக் காலத்தில் வெள்ளிப் பாத்திரம் வேண்டுமென்றால் ரூபாய்களை எண்ணிப் பத்தரிடம் கொடுப்பதும் வழக்கம். அவர் அவற்றையே உருக்கித் தகடாகத் தட்டிப் பாத்திரம் பண்ணுவார். அதனால்தான் பழைய சீர்ப் பட்டியல்களில் "கிண்ணம் ஒன்று, எட்டு ரூபாய் எடை" என்று எழுதியிருக்கும். அது விலை இல்லை, எடை. என் மாமியாரின் கல்யாண ஜாபிதாவில் அப்படித்தான் இருக்கிறது. அதைப் பார்த்த என் பேரன், "பாட்டி, எட்டு ரூபாய்க்கு வெள்ளிக் கிண்ணமா!" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஆகவே கிண்ணத்தின் எடையை 11.66-ஆல் வகுத்துப் பாருங்கள். முழு எண்ணுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால், உதாரணமாக 92 கிராம் இருந்து ஏழே முக்காலுக்கு மேல் வந்தால், அது எட்டு ரூபாய் எடைக் கிண்ணமாக இருந்து, தேய்த்துத் தேய்த்து ஒரு கிராம் சொச்சம் விபூதியோடு போயிருக்கலாம். நூறு வருஷம் வாராவாரம் தேய்த்தால் வெள்ளியும் குறையும். 1940-ல் யுத்த நெருக்கடியில் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் ரூபாய் முழு நிக்கலாகிவிட்டது. ரூபாயை உருக்கிக் கிண்ணம் பண்ணும் காலம் அதோடு முடிந்தது. எடை முழு ரூபாய்க் கணக்கில் வருவது மட்டும் வயதுக்குச் சாட்சி ஆகாது. பத்தர் பிற்பாடும் தோலாக் கணக்கில் பண்ணியிருப்பார். ஆனால் விசாரணையை எங்கே தொடங்குவது என்று அது சொல்லும்.

அடுத்தது பெயர். நம் பெரியவர்கள் பெயர் வெட்டாமல் ஒரு பாத்திரத்தை அகத்துக்குள் ஏற்ற மாட்டார்கள். கூர் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய அந்த எழுத்துக்களை இன்றைய வியாபாரிகள் குறை என்கிறார்கள். "பேர் வெட்டியிருக்கு, விலை குறையும்" என்பார்கள். எனக்கு நேர்மாறு. பெயர் இல்லாத கிண்ணம் ஊமை. பாலக்காட்டுப் பக்கத்துப் பாத்திரங்களில் பெயர் தமிழில் இருக்கும், மலையாளத்தில் இருக்கும், பிறகு வந்தவற்றில் இங்கிலீஷ் இனிஷியல் இருக்கும். ஒரே கிண்ணத்தில் இரண்டு பெயர் இருந்தால் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தது என்று ஊகிக்கலாம். பழைய பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயர் வெட்டியிருந்தால், அது விலைக்குப் போனது.

அடிமாலியில் ஒரு பழைய பாத்திரக் கடையில் எனக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது. நான்கு அங்குல வாய், நகாசு எதுவும் இல்லை, விளிம்பில் ஒரு முறுக்குக் கம்பி மட்டும். அடியில் ஒரு பெண்ணின் பெயர், அதற்குக் கீழே 1099. கடைக்காரர் அது அடகுக் கடைச் சீட்டு நம்பர் என்றார். மலையாளக்கரையில் இருப்பவர்களுக்கு உடனே புரியும், அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும். சிங்கமாதத்தில் தொடங்குவதால் முதல் நான்கைந்து மாதங்களுக்கு 824-ஐக் கூட்ட வேண்டும். 1099 என்பது 1923 ஆகஸ்டு முதல் 1924 ஆகஸ்டு வரை. அந்த வருஷக் கர்க்கடகத்தில்தான், 1924 ஜூலையில், இன்றுவரை கேரளம் "தொண்ணூற்றொன்பதில் வெள்ளம்" என்று சொல்லும் பெருவெள்ளம் வந்தது. மூணாறில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயில் பாதை அதில் அடித்துக்கொண்டு போய்விட்டது; பிறகு ரயில் வரவேயில்லை. கிண்ணம் வெள்ளத்துக்கு முன்னால் வெட்டியதா, பின்னால் வெட்டியதா என்பது கிண்ணத்துக்குத்தான் தெரியும். கடைக்காரர் எடைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. நான் வாங்காவிட்டால் மறுவாரம் அது மூசைக்குள் போயிருக்கும்.

இப்போது பர்மாக் கிண்ணம். அதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னிக்க வேண்டும்.

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. நகரத்தார் வட்டிக்கடை வைத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ரங்கூன் ஆபீஸ்களில் குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் போனவர்களில் நம்மவர்களும் உண்டு. அங்கிருந்து வந்த வெள்ளிக் கிண்ணங்களைப் பார்த்தால் மறக்க முடியாது. பிக்ஷுக்கள் கையில் வைத்திருக்கும் பிக்ஷா பாத்திரத்தின் வடிவம். உருண்டை வயிறு, உள்ளே மடிந்த வாய். பக்கம் முழுக்கப் புடைப்பாகச் சித்திரம். புத்தர் ஜாதகக் கதைகள், சிலவற்றில் ராமாயணக் காட்சிகள்கூட. கிண்ணத்துக்குள் அரக்குக் கலவையை நிரப்பி இறுகவிட்டு, வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் மாற்றி மாற்றி உளியால் தட்டி எழுப்பிய வேலை. வார்ப்பு இல்லை. அதனால் உள்பக்கம் தடவினால் வெளியே மேடான இடம் உள்ளே பள்ளமாக இருக்கும். உள்ளே வழவழவென்றும் வெளியே சித்திரமாகவும் இருந்தால் வார்ப்பா, இரட்டைத் தகடா என்று கேளுங்கள். அடியில் அரசாங்க முத்திரை எதுவும் இருக்காது. மயில், யானை, சிங்கம் என்று ஏதாவது ஓர் உருவம் இருக்கும். 1942-ல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையுமாக நடந்தே திரும்பினார்கள். அப்படி வந்தவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே இன்று நம்மிடம் இருக்கும் பர்மாக் கிண்ணங்கள் பெரும்பாலும் அதற்கு முன்னால் லீவில் வந்தபோது கொண்டுவந்தவை. எண்ணிக்கை அவ்வளவுதான்.

எங்கள் உறவில் ஓர் அகத்தில் அப்படி ஒன்று இருந்தது. அறுநூறு கிராமுக்கு மேல் எடை. நான் பல தடவை பார்த்து ஆசைப்பட்டது. அந்த அகத்துத் தாத்தா ரங்கூனில் இருந்தவர். ஒரு கல்யாணச் சமயம். புது வெள்ளித் தட்டும் குத்துவிளக்கும் வாங்க வேண்டும். ஒரு பெரிய கடைக்கு, ஊர் பேர் வேண்டாம், இந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோனார்கள். கடையில் "பழைய வேலை, இடுக்கெல்லாம் அழுக்கு, தரம் எழுபதுதான் போட முடியும்" என்று சொல்லி, எடையில் முப்பது சதவிகிதம் கழித்து, மீதிக்குப் புதுச் சாமான் கொடுத்துவிட்டார்கள். பர்மா வெள்ளி பொதுவாக நல்ல தரம். தொண்ணூறுக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். சரி, தரத்தில் போனது பணம். அது போகட்டும். மூசையில் கொள்ளவில்லை என்று கிண்ணத்தைச் சுத்தியலால் நசுக்கினார்களாம். அதைக் கூடப் போயிருந்த பெண், விளையாட்டுச் செய்தி சொல்வதுபோல எனக்குச் சொன்னாள். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தக் கிண்ணத்தைத் தட்டி எழுப்ப மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. கல்யாணச் செலவு எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஒரு போன் செய்திருந்தால் எடைக்கு எடை புது வெள்ளி வாங்கிக் கொடுத்திருப்பேன். அவ்வளவுதான் ஆதங்கம்.

வெள்ளைக்காரர் சாமானைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஏமாறுவதுதான் அதிகம். கண்ணன் தேவன் கம்பெனி 1897-ல் தொடங்கியது. அதன் பங்களாக்களில் இருந்த துரைமார்கள் ஊர் திரும்பும்போது சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். சர்க்கரைக் கிண்ணம், ரோஜாப் பூ வைக்கும் பெரிய கிண்ணம், பந்தயக் கோப்பைகள். அவற்றில் முக்கால்வாசி வெள்ளி இல்லை. அடியில் ஈ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து இருந்தால், அது நிக்கல் கலந்த உலோகத்தின்மேல் வெள்ளி முலாம். நாம் ஜெர்மன் சில்வர் என்கிறோமே, அதில் செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். வெள்ளி ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. உண்மையான இங்கிலீஷ் வெள்ளியில் ஒரு கால் தூக்கி நடக்கும் சிங்கம் இருக்கும். அதற்கு அர்த்தம் 92.5 சதவிகிதம். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதுதான் வருஷம்; அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நம் சென்னையில் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரத்துக்கு மட்டும் பெயர்பெற்ற கடை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் பண்ணிய வெள்ளிச் சாமான்களில் நம் தெய்வ உருவங்களை வரிசையாகப் புடைப்பாக அடித்திருப்பார்கள். 'சுவாமி வேலை' என்றே அதற்குப் பெயர். 1875-76-ல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகளில் அந்த வேலையும் உண்டு. தட்டியது யார்? நம் ஊர் ஆசாரிகள். அடியில் வெட்டியிருப்பது துரையின் பெயர்.

சரி, அடியில் எழுத்தும் இல்லை, சிங்கமும் இல்லை. வெள்ளிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காந்தம் வைத்துப் பார்ப்பது பாதி உபாயம்தான். இரும்பு இருந்தால் ஒட்டும், ஆனால் ஜெர்மன் சில்வரும் ஒட்டாது. நான் செய்வது தண்ணீர்ப் பரீட்சை. சமையலறை எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறதே, அதில் கிண்ணத்தை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 206 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கிண்ணத்தை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க முங்கும்படி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். 20 காட்டினால் 10.3. அது வெள்ளி. சுத்த வெள்ளிக்கு 10.49 வரும். 24 காட்டினால் 8.6, பாத்திரத்தைத் துடைத்துப் பூ வைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை. இது வெள்ளியா இல்லையா என்று சொல்லுமே தவிர, தரம் எண்பதா தொண்ணூறா என்று சொல்லாது. எண்பது சதவிகித வெள்ளிக்கே 10.1-க்கு மேல் வந்துவிடும். தரத்துக்கு உரைகல்லும் அமிலமும்தான், அல்லது ஹால்மார்க் மையங்களில் இருக்கும் எக்ஸ்ரே மெஷின். அந்த மெஷினும் மேல்தோலைத்தான் பார்க்கும், முலாம் கனமாக இருந்தால் ஏமாறும் என்பதை மறக்க வேண்டாம். நம் நாட்டில் வெள்ளிக்கு ஹால்மார்க் வந்ததே 2005-ல்தான். ஆகவே "பாட்டி காலத்து உருப்படி, ஹால்மார்க் இருக்கு பாருங்கோ" என்று யாராவது சொன்னால், பாட்டிக்கு என்ன வயசு என்று கேளுங்கள்.

வாங்குவதில் இன்னொன்று. அடியில் கோயில் பெயரோ தேவஸ்வம் என்ற எழுத்தோ இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எழுத்தை ராவி எடுத்த தடம் இருந்தாலும் அப்படியே. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் வாங்கினவருக்கும் தண்டனை உண்டு. தெய்வக் குற்றம் தனிக் கணக்கு. கடையில் வாங்கினால் ரசீது கேளுங்கள். அதில் எடையும் வர்ணனையும் எழுதச் சொல்லுங்கள்.

தேய்ப்பதைப் பற்றி மாமிகள் கேட்பார்கள். வெள்ளி கறுப்பது அழுக்கு இல்லை. காற்றில் உள்ள கந்தகம் பட்டு மேலே படியும் படலம். எங்கள் மலை மூட்டத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் கறுத்துவிடும். நல்ல சலித்த விபூதியும் மெல்லிய பருத்தித் துணியும்தான் என் சிபாரிசு. பற்பசை வேண்டாம், அது ராவும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு வெந்நீரில் முக்கினால் பளிச்சென்று ஆகும் என்பது உண்மை; வழவழப்பான தம்ளருக்குச் செய்யலாம். நகாசுக் கிண்ணத்துக்குச் செய்யவே கூடாது. பள்ளங்களில் நிற்கும் கறுப்புதான் சித்திரத்துக்குக் கண் மை. அது போனால் யானை எது, மரம் எது என்று தெரியாது. எடுத்து வைக்கும்போது ரப்பர் பேண்டு போட வேண்டாம், கம்பளியில் சுற்ற வேண்டாம்; இரண்டுமே கறுக்க வைக்கும். வெளுத்த பழைய வேட்டித் துணி உத்தமம். உப்பும் ஊறுகாயும் வெள்ளிக் கிண்ணத்தில் நிற்கக் கூடாது, அரித்துவிடும். நம் பாட்டிகள் உப்பை மரவையிலும் ஊறுகாயைப் பரணியிலும் வைத்தது சும்மா இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. "அம்மாவின் கிண்ணத்தை எடுத்துண்டு போறேன்" என்று பெட்டியில் வைப்பதற்கு முன்னால் வருஷத்தைப் பாருங்கள். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். அதைத் தனிப்பட்டவர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. நூறு வருஷம் ஆகாததுதான், ஆனால் பார்க்கப் பழசாக இருக்கிறது என்றால், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு போவது நல்லது. என்னுடைய 1099 கிண்ணம் இப்போது நூறைத் தாண்டிவிட்டது. அது இனி இந்த மண்ணைவிட்டு நகராது. எனக்கு அதில் சந்தோஷம்தான். டொராண்டோவில் இருக்கும் என் பெண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கடைசியாக, பாகப்பிரிவினை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அகத்தில் பெரியவர்கள் காலம் முடிந்ததும் வெள்ளியைத் தராசில் வைத்து நாலு பங்காக்குகிறோம். ஆறு கிண்ணம் ஒரே கை வேலையாக இருக்கும். ஒருத்திக்கு இரண்டு, இன்னொருத்திக்கு ஒன்று, சரியாக வராத எடைக்குக் கூஜாவின் மூடி என்று போகும். இல்லையென்றால் "யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம், எல்லாத்தையும் போட்டுட்டுப் பணமாப் பிரிச்சுக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். அவர்தான் நியாயஸ்தர் என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் பார்த்த ஒரு குடும்பத்தில் வேறு மாதிரி செய்தார்கள். செட்டாக இருந்ததை யாருக்கு ஆசையோ அவரே எடுத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அன்றைய எடை விலையில் அவரவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிட்டார். மொத்தத்தையும் ஒருநாளில் கொடுக்க முடியவில்லை. இரண்டு வருஷத் தவணை. தீபாவளிக்கும் ஆவணி அவிட்டத்துக்கும் எல்லாரும் அவர் அகத்தில் கூடும்போது அந்த ஆறு கிண்ணத்திலும் பாயசம். அக்கா தங்கைகளுக்குள் பேச்சுவார்த்தை இன்றும் இருக்கிறது.

பங்கு போடுகிறீர்களோ இல்லையோ, பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாட்டியையோ அத்தையையோ பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, இது யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, பெயர் யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தைப் போட்டோ எடுங்கள், எடையையும் குறியுங்கள். ஒரு மத்தியானம் போதும். பாட்டிக்கும் சந்தோஷம். பெயர் எழுதி வைத்த கிண்ணத்தை உருக்கக் கொடுப்பதற்கு மனசு அவ்வளவு சுலபத்தில் வராது, நான் பார்த்திருக்கிறேன்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டு ஹாலில் மேஜை போட்டு, என்னுடைய கிண்ணங்களில் பன்னிரண்டை வைத்திருக்கிறேன். தாராளமாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம், குழந்தைகளும் தொடலாம்; கையில் பாயச ஈரம் மட்டும் வேண்டாம். தராசும் பூதக்கண்ணாடியும் ஒரு வாளித் தண்ணீரும் நூல்கண்டும் தயாராக இருக்கின்றன. நேற்று மூன்று பேர் பையில் எதையோ துணி சுற்றி எடுத்து வந்திருப்பதாகக் காதில் விழுந்தது. அவர்கள் முதலில் வரட்டும்.